ஆயுத பூஜைக்குத் தடவிய எண்ணெய்

பீன்யா தொழிற்பேட்டையில் நான் வாங்கிப் போட்ட முதல் லேத் இன்றும் ஓடுகிறது. நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று என் பட்டறையில் பதினோரு இயந்திரங்கள். யாரும் கைதூக்கி விடவில்லை. மகளை டாக்டர் பட்டம் வரை படிக்க வைத்ததும் இந்தக் கைதான்.

அவள் ஆராய்ச்சியே என் பட்டறைக் கழிவுதான். இரும்பு கடையும்போது சூடு தணிக்க விடும் எண்ணெய்த் தண்ணீர் பால்போல வெளுத்து வடியும். அதைப் பிரிக்க, பஞ்சுக் கழிவிலும் இறால் ஓட்டுப் பொடியிலும் மெல்லிய தாள் ஒன்று செய்தாள். நனைந்த தாள் எண்ணெயை ஒட்டவிடாது. தண்ணீரை மட்டும் கீழே இறக்கும். தேய்ந்துபோனால் மண்ணில் புதைக்கலாம், மக்கிவிடும். என் பட்டறையிலேயே மாட்டினாள். மூன்று மாதம் தெளிந்த தண்ணீராக இறங்கியது. வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினேன்.

"அப்பா, இது எப்பவும் ஈரமாவே இருக்கணும். காஞ்சதுமேல எண்ணெ பட்டா அவ்ளோதான்," என்று சொல்லியிருந்தாள். எதற்கு எண்ணெய் போடுவதென்று எனக்கா சொல்லித்தர வேண்டும்?

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவி, குங்குமம் வைப்பேன். அந்த வேலையை யாரிடமும் விடமாட்டேன். அன்று அவள் மாமியார் வீட்டில் இருந்தாள். அவளுடைய தாளையும் சட்டத்தோடு கழற்றி அப்படியே செய்து, திரும்ப மாட்டினேன். மற்றதைவிட ஒரு கை கூடுதலாகவே தடவினேன்.

விடுமுறை முடிந்ததும் பெரிய தொழிற்சாலைக்காரர்கள் இருவரை அழைத்து வந்தாள். அவர்கள் சரி என்றால்தான் தாள் வெளியே விற்பனைக்குப் போகும். கழிவை ஊற்றினாள். தண்ணீர் மேலேயே நின்றது. கசிந்த இரண்டு சொட்டும் எண்ணெய்.

"படிச்சவங்க வேலை இவ்ளோதான் சார்," என்று சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

சட்டத்தைக் கழற்றினாள். மூலையில் குங்குமம். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான்தான் சார் செக் பண்ணாம விட்டுட்டேன். சாரி."

நான் டீ கொண்டுவரச் சொல்லிப் பட்டறைப் பையனை அதட்டினேன். வந்தவர்கள் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

ஒரு வருடம் அவள் வேலை பின்தங்கியது. இப்போது அந்தத் தாள் பொம்மசந்திராவில் வேறொருவர் பட்டறையில் ஓடுகிறதாம். எண்ணெய் வியாபாரி சொல்லித்தான் எனக்கே தெரியும். "ஏன் எஜமான்ரே, சொந்தப் பொண்ணு, உங்க இடத்துல வைக்கலியா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாள். போன வாரம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "நம்ம பட்டறைக்கும் ஒண்ணு போடேன்மா."

"வெயிட்டிங் லிஸ்ட்ல எழுதிக்கச் சொல்றேன்ப்பா," என்றாள், ரசத்தை என் பக்கம் நகர்த்தியபடி.