இரண்டாம் முறை சோறு கேட்டவர்

வெளிநாட்டுப் புரட்சித் தலைவர் ஒருவர் யார் பக்கம் என்பதை உளவுத்துறை எப்படிக் கணிக்கிறது? இதையே ஆய்வுக்கு எடுக்கலாம் என்று மாமல்லபுரம் பஸ்ஸில்தான் தோன்றியது. பக்கத்து இருக்கைப் பெரியவர் அந்தத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவராம்.

கட்டை மீசை. பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்தார். முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். நான் இரண்டாவதை எடுத்ததும் அவர் பேச்சு நின்றது.

"ஒரு தலைவர் யார் பக்கம்னு எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?" என்று அவசரப்பட்டேன்.

"கடலோரமா ஒரு வூட்ல அப்பிடி ஒரு தலைவர ஒளிச்சு வெச்சிருந்தோம் தம்பி. சோறு போட்டுகினே கவனிக்கிறது என் வேலை. ரெண்டாந்தபா கேட்டு வாங்கித் துன்னாரு. மனசு ஒட்டிக்கிச்சு, நம்ம ஆளுதான்னு எழுதிட்டேன். அத நம்பி அவர்கூட நம்ம பசங்க மூணு பேர அனுப்பினாங்க."

"திரும்பி வந்தாங்களா?"

"காட்டிக் குடுத்துட்டாரு. அன்னிக்கி அந்தாளுக்குப் பசி, அவ்ளோதான். செத்த மூணு பேர்ல ஒருத்தன் கருங்குழிக்காரன். அவங்க வூட்டுக்கு நான் இன்னும் போவல."

திருக்கழுக்குன்றத்தில் இறங்கிப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. பாதி முறுக்கு என் கையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கருங்குழிக்குப் போய், அவர் இன்னும் போகாத அந்த வீட்டைத் தேடப் போகிறேன். கதவைத் திறப்பவர்களிடம் முதலில் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.