நானே மாற்றிய முன் பிரேக்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் மூடிக் கிடந்த சலவைக் கடை ஒன்றைப் பலசரக்குக் கடையாக்கினேன். சாமான் தட்டுகள், காசு மேசை, பின்னால் குளிரறை, எல்லாம் என் கை. பிறகு அப்டன் பார்க்கில் இரண்டாவது கடை. அதன் கூரை ஒழுகியபோது மூன்று பேர் வந்து பார்த்து ஏலாது என்றார்கள். நான் ஏறி அடைத்தேன், இன்று வரை ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கட்டினேன். கவுன்சில்காரர் அளவு நாடாவோடு வந்து, ஒரு அங்குலப் பிழைகூடப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனார். கோயில் மடப்பள்ளியில் புகை வெளியே போகாமல் ஐயர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பொங்கல் கிண்டிய காலத்தில், தகரம் வளைத்துப் புகைக்குழாய் வைத்துக் கொடுத்தவனும் நான்தான். இவ்வளவையும் செய்தவன் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜேர்மனிக்குப் போனபோது ஒரு சொல் ஜேர்மன் தெரியாது. பதினொரு வருடம் கழித்து இங்கே வந்தபோது ஒரு வரி ஆங்கிலம் எழுதத் தெரியாது.

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இனி எழுதப் போவது ஒரு பிழையைப் பற்றியது. பிழை விட்டவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும்.

எங்கள் கார் பதினெட்டு வயதான ஜப்பான் கார். கடதாசியில் அது மகளின் கார். அவள் மோர்டனில் இருக்கிறாள், வேறு கார் வைத்திருக்கிறாள். ஓட்டுவது நான். மனைவியைக் கோயிலுக்கும் மருந்தெடுக்கவும் கொண்டுபோவது, செத்த வீடு கலியாண வீடு என்று லண்டன் முழுக்கச் சுற்றுவது, எல்லாம் அதில்தான். இந்த வருடம் எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோனேன். வருடத்துக்கு ஒருமுறை காரைச் சோதித்து, தெருவில் ஓடலாமா என்று சொல்வார்கள். முன் பிரேக் இரண்டும் சரியில்லை, ஒரு பக்கம் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள்.

மகள் போனில் வந்தாள்.

"அப்பா, காணும், விடுங்கோ. அதைப் பழைய இரும்புக்குக் குடுப்பம்."

"நான் மாத்திறன் பிள்ளை."

"உங்களுக்கு அறுபத்தொன்பது வயசு."

"பிரேக்குக்கு என்ர வயசு தெரியாது."

பிறகு சொன்னாள்: "சரி. வெள்ளிக்கிழமை நானும் வாறன். திரும்பவும் பெயில் எண்டால் அங்கயிருந்தே இழுத்துக்கொண்டு போகச் சொல்லுவன். அதுக்குப் பிறகு உங்களுக்குக் கார் இல்லை. பஸ் பாஸ் இருக்குத்தானே."

நாற்பது வருடம் கார் ஓட்டியவனுக்கு அவள் சொன்னது அதுதான். வெள்ளிக்கிழமை அந்தக் கார் தேறவில்லை என்றால், அன்றோடு நான் யாராவது கூட்டிக்கொண்டு போனால் போகிறவன்.

பிரேக் எனக்குப் புதிதல்ல. ஜேர்மனியில் ஒரு திருத்துமிடத்தில் முதலில் நிலம் கூட்டினேன். பிறகு சில்லுக் கழற்ற விட்டார்கள். பிறகு பிரேக் பாட் மாற்ற விட்டார்கள். எத்தனை நூறு மாற்றினேனோ தெரியாது. ஆனால் ஒரு வேலையை மட்டும் என்னிடம் தரவில்லை. பிரேக் எண்ணெய்க்குள் காற்றுப் போனால் அதை வெளியே எடுக்க வேண்டும். அந்த வேலையை மேலாள் தானே செய்வான். என்னை உள்ளே இருத்தி, பெடலை அமத்து, விடு என்பான். பதினொரு வருடம் நான் பார்த்தது ஸ்டியரிங்கைத்தான். சில்லுப் பக்கம் அவன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்க ஆசை இருந்தது. காலை எடுத்தால் ஏசுவான்.

இந்த வேலையை நானே எடுத்ததற்கு அந்த ஆசையும் ஒரு காரணம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டு வாசலில் காரை ஜக் போட்டுத் தூக்கினேன். புது டிஸ்க் இரண்டு, புது பாட், புதுக் கலிப்பர் இரண்டு. கலிப்பர் என்பது பாட் இரண்டையும் இரு பக்கமும் பிடித்து, சில்லோடு சுற்றும் டிஸ்க்கை நெரிக்கிற இரும்புக் கை. பெட்டிகளில் இடம், வலம் என்று போட்டிருந்தது. தூறிக்கொண்டிருந்ததால் பெட்டி ஊறிவிடும் என்று கலிப்பர்களை வெளியே எடுத்தேன். எடுத்ததும், ஜேர்மனியில் பழகிய மாதிரி, சாரதி பக்கத்துக் கலிப்பருக்கு வெண்கட்டியால் குறுக்கும் மறுக்குமாகக் கோடிழுத்து ஒரு புள்ளடி போட்டேன். பிறகு புள்ளடி போட்டதைக் கொண்டுபோய்ச் சாரதி பக்கத்தில் பூட்டினேன். மற்றதை மற்றப் பக்கம். இரண்டும் எந்த முரண்டும் பிடிக்காமல் போய் உட்கார்ந்தன. எண்ணெய் வரும் ரப்பர் குழாய் மட்டும் கொஞ்சம் முறுகி நின்றது. புது இரும்பு, பழைய ரப்பர், பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

குழாயைக் கழற்றியதால் உள்ளே போன காற்றை எடுக்க ஒரு கால் வேண்டும். மனைவியைக் கூப்பிட்டேன். கைத் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாரதி இருக்கையில் இருந்தாள். நான் சில்லுப் பக்கம் குந்தினேன். கலிப்பரில் சின்ன நிப்பிள் ஒன்று இருக்கும். பெடலை அமத்தும்போது அதைத் திறந்தால் எண்ணெயோடு காற்றும் வரும், விடுமுன் பூட்ட வேண்டும்.

"அமத்தும்."

"அமத்திப்போட்டன்."

"அப்பிடியே பிடியும்."

"பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன். வேறென்ன செய்யிறன் எண்டு நினைக்கிறியள்?"

"இப்ப விடும்."

"கெதியா முடியுங்கோ, கறி அடுப்பில கிடக்கு."

முதலில் குமிழி குமிழியாக வந்தது. பிறகு சுத்தமான எண்ணெய். அடுத்த பக்கமும் அப்படித்தான். முடிந்தது என்று எழும்பினேன்.

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி, "இது பஞ்சு மெத்தையில கால் வைச்ச மாதிரிக் கிடக்கு."

நான் இருந்து மிதித்துப் பார்த்தேன். பெடல் மெதுமெதுவென்று கீழே போனது. எண்ணெயில் காற்று இருக்கிறது. ஆனால் வெளியே ஒரு குமிழிகூட வரவில்லை. ஒரு போத்தல் எண்ணெய் முடிந்தது. இன்னொன்று வாங்கி வந்து அதில் பாதியும் முடிந்தது. கறியும் அடிப்பிடித்தது. காற்று உள்ளே இருக்கிறது, ஆனால் வரமாட்டேன் என்கிறது. எங்கே போய் இருக்கிறது?

அன்று மகள் திரும்பப் போன் எடுத்தாள். "சரிவந்ததோ?" என்றாள். "ஒரு சின்ன யோசனை இருக்கு," என்றேன். "கராஜுக்குச் சொல்லட்டோ?" "வெள்ளிக்கிழமை எண்டுதானே சொன்னனீ. இண்டைக்குச் செவ்வாய்."

புதன்கிழமை நான் காரைத் தொடவில்லை. கழற்றிய பழைய கலிப்பர் இரண்டையும் பின் தோட்டத்தில் பேப்பரில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். படித்தவர்கள் புத்தகத்தில் பார்ப்பார்கள். எனக்குப் பார்க்கப் பொருள்தான் இருக்கிறது. கடைசியில் சமையலறையிலிருந்து ஒரு பெரிய பேசினை எடுத்து வந்து தண்ணீர் நிரப்பினேன். பழைய கலிப்பர் ஒன்றின் நிப்பிளைத் திறந்து, நிப்பிள் மேலே பார்க்க அமிழ்த்தினேன். குழாய்த் துளையால் தண்ணீர் உள்ளே போக, நிப்பிளால் காற்று குபுகுபுவென்று வந்தது. ஓய்ந்தது. திருப்பிப் பார்த்தேன், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. முழுக்கத் தண்ணீர்.

வெளியே எடுத்து வடிய விட்டு, இந்த முறை நிப்பிள் கீழே பார்க்க அமிழ்த்தினேன். கொஞ்சம் குமிழி வந்து நின்றுவிட்டது. முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் தண்ணீருக்குள் வைத்தே மெல்லத் திருப்பினேன். உள்ளே மேல் மூலையில் இருந்த காற்று ஒரு கொத்தாக வெளியே வந்தது.

எனக்கு அப்படியொரு சந்தோசம். கீழே வாசல் வைத்த வீட்டில் புகை மேலே நிற்கிற மாதிரி, காற்று மேலே ஏறி நிற்கிறது. கீழே இருக்கிற நிப்பிளால் எண்ணெய்தான் வரும், இரண்டு போத்தல் அல்ல, பத்துப் போத்தல் ஊற்றினாலும். பதினொரு வருடம் அந்த மேலாள் குனிந்துகொண்டு என்ன பார்த்தான் என்பது அன்றுதான் தெரிந்தது. நம்ப முடியாமல் ஏழெட்டுத் தரம் மேலும் கீழுமாக அமிழ்த்திப் பார்த்தேன்.

மனைவி வெளியே வந்தாள். "அது இடியப்பத்துக்கு மாக் குழைக்கிற பேசின்."

"இஞ்ச வந்து பாரும், காத்து எப்பிடி வருது எண்டு."

"எனக்கு இனி இடியப்பம் அவிக்க வேற பேசின் வேணும். அதையும் பாருங்கோ."

ஆனாலும் குனிந்து பார்த்தாள். இன்னொருக்கால் திருப்பச் சொன்னாள். நான் திருப்பினேன். "ம்" என்றாள்.

அதன் பிறகு வாசலுக்குப் போய்க் காருக்குக் கீழே போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். புதுக் கலிப்பர் இரண்டிலும் நிப்பிள் நிலத்தைப் பார்த்தபடி நின்றது. சாரதி பக்கத்துக் கலிப்பரில் என் வெண்கட்டிப் புள்ளடி இன்னும் அழியவில்லை. பெட்டியை எடுத்து, அதிலிருந்த எண்ணைக் கலிப்பரில் வெட்டியிருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தேன். புள்ளடி போட்டது இடப்பக்கத்துக் கலிப்பர். ஜேர்மனியில் சாரதி இருப்பது இடப்பக்கம். கை பழக்கத்தில் இடத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு, லண்டன் காரின் சாரதி பக்கமான வலப்பக்கத்தில் கொண்டுபோய்ப் பூட்டியிருக்கிறேன். இடமும் வலமும் மாறினால் நிப்பிள் தலைகீழாகிவிடும். அந்த ரப்பர் குழாய் முறுகியதும் அதனால்தான்.

மனைவிக்கு மறைக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. சொன்னேன்.

"இஞ்ச வந்து இருபத்தாறு வருசம்," என்றாள். "இடப்பக்கத்தில இருக்கிறது நான். அப்ப இவ்வளவு நாளும் கார் ஓட்டினது நானோ?"

"பக்கத்தில இருந்து ஓட்டினதுதானே. அங்கால திருப்புங்கோ, இஞ்சால திருப்புங்கோ எண்டு."

"அப்ப புள்ளடி சரிதான்."

வியாழக்கிழமை இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினேன். ரப்பர் குழாய் முறுகாமல் நேராக நின்றது. மனைவி அமத்தினாள், நான் திறந்தேன். முதல் தரமே காற்று சீறிக்கொண்டு வந்தது. கால் மணித்தியாலத்தில் பெடல் கல்லு மாதிரி. எங்கள் தெருவில் நடக்கிற வேகத்தில் ஓட்டி, மிதித்து, நின்று, திரும்பவும் ஓட்டி, பத்துப் பதினைந்து தரம் பார்த்தேன். பிறகுதான் பெரிய வீதிக்கு இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை மகள் சொன்னபடி வந்தாள். எங்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருத்தினார்கள். காரின் முன் சில்லுகளை உருளைகளில் ஏற்றிச் சுழற்றி, பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று திரையில் இரண்டு எண்ணாகக் காட்டுவார்கள். ஒரு பக்கம் ஏற மற்றப் பக்கம் பின்தங்கினால் கதை முடிந்தது. மகள் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எண்களைப் பார்த்தேன். இரண்டும் சோடி மாடு மாதிரிச் சேர்ந்து ஏறின. ஒன்றை ஒன்று விடவில்லை.

சோதித்த இளைஞன் வெளியே வந்து, தேறிவிட்டது என்றான். நல்ல வேலை, யார் செய்தது என்று கேட்டான். எனக்கு எழுதத்தான் தெரியாது, கேட்டால் விளங்கும். நான் வாயைத் திறக்குமுன் மகள் ஆங்கிலத்தில் சொன்னாள், ஈஸ்ட் ஹாமில் ஒரு கராஜில் கொடுத்துச் செய்தது என்று.

வெளியே வந்ததும் கேட்டேன். "எந்தக் கராஜ் பிள்ளை அது?"

"அப்பா, வீட்டில செய்தது எண்டால் அவன் திரும்பக் கழட்டிப் பாப்பான். தேறிட்டுது. விடுங்கோவன்."

"கழட்டிப் பாக்கட்டும். அதில பாக்க என்ன பிழை இருக்கு?"

அவள் சிரித்தாள். கார் தப்பியது என்று அவளுக்கும் சந்தோசம்தான். அடுத்த கிழமை தன் காரைத் திருத்தக் கொடுக்கப் போவதாகச் சொல்லி, நாலு நாளைக்கு இதைத் தரும்படி கேட்டாள். இரும்புக்குக் கொடுக்க நின்றவள்.

காரின் முன் பெட்டிக்குள் அதன் சேவைப் புத்தகம் கிடந்தது. எந்தத் திருத்துமிடம் என்ன வேலை செய்தது என்று முத்திரை குத்துகிற புத்தகம். முன் பக்கங்களில் நீலமும் சிவப்புமாக எத்தனையோ முத்திரைகள். பின் பக்கங்கள் வெறுமை. அதைத் திறந்து, பேனையும் வைத்து, சாவி வாங்க வந்த மகள் முன்னால் நீட்டியிருக்கிறேன். அவள் ஆங்கிலம் நன்றாக எழுதுவாள். முன் பிரேக் முழுவதும், இரண்டு பக்கமும், என் பெயர் போட்டு எழுத வேண்டும். அம்மா பெடல் அமத்தினாள் என்று எனக்குக் கீழே எழுதலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. இடமும் வலமும் மாறிப் பூட்டியதையும் வேண்டுமென்றால் எழுதட்டும். அதைக் கண்டுபிடித்ததும் நானே என்று அடுத்த வரியில் வரவேண்டும். கராஜ் என்ற சொல் அந்தப் பக்கத்தில் இருக்கக்கூடாது. எழுதி, எனக்கு வாசித்துக் காட்டிய பிறகு சாவியைக் கொண்டுபோகலாம்.