கதவு எண் ஒன்று, அடுப்பு இரண்டு

அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து சந்திரமோகனுக்குத் தலைகால் புரியவில்லை. 2003-ஆம் வருடம். ஆரணியில் ரேஷன் கார்டு விவகாரங்களைப் பார்க்கும் அரசு அலுவலகம் ஒன்றில் அவர் உதவியாளர். நெசவுக் குடும்பத்தில் முதல் சர்க்கார் உத்தியோகம். மற்றவர்கள் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துத் துணி போட்டு மூடியிருந்தார்கள். இவர்தான் துணியை எடுத்தார். உள்ளே ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். கட்டங்களை இழுத்துப் போட்டு, அது கேட்பதற்குப் பதில் சொல்லி, அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போனால் பட்டியல் தயார். இவ்வளவு சுலபமாக இருக்கிற எதையும் நம்பக் கூடாது என்று அப்போது அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

போலிக் கார்டுகளை ஒழிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. சந்திரமோகனும் டைப்பிஸ்ட் ஹேமலதாவும் நான்கு மாதம் உட்கார்ந்து ரிஜிஸ்தர்களை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பிறகு அவர் ஒரு கேள்வி போட்டார்: கதவு எண்ணும் ஒன்று, குடும்பத் தலைவரின் தகப்பனார் பெயரும் ஒன்று, அப்படி எத்தனை கார்டு? முந்நூறு சொச்சம் வந்தது. ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு கார்டு? இரண்டாவது கார்டுகளை எல்லாம் நீக்கிவிட்டார். நகல் எடுத்து வைக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. யாரிடம் காட்டுவது? அங்கே அவர்தானே விஞ்ஞானி!

அதிகாரி பரசுராமன் முதுகில் தட்டிக் கொடுத்தார். போளூர் அலுவலகத்திலிருந்து, அந்த ஃபைலை ஃப்ளாப்பியில் போட்டுத் தரச் சொல்லி போன் வந்தது. ஒரு மாதம் அவர் கால் தரையில் பாவவில்லை.

அபிதகுசாம்பாள் அவருடைய தெருக்காரி. தறிக்குப் பாவு நூல் சுற்றிப் பிழைக்கிறவள், கணவன் இல்லை, இரண்டு பெண்கள். ரேஷன் கடையில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பியதால் அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்துபோனாள். இரண்டு முறையும் சந்திரமோகன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கம்ப்யூட்டர்ல இல்லக்கா. நான் இன்னா பண்றது?" என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது முறை அவள் நகரவில்லை.

"வூடு ஒண்ணுதான் தம்பி, இல்லன்னு சொல்லல. எங்க வூட்டுக்காரரு உயிரோட இருக்கச் சொல்லவே கொழுந்தனாரு தனியா உலை வெச்சிக்கினாரு. எங்க கார்டு இன்னும் எங்க வூட்டுக்காரரு பேருலதான் கீது. தறி மட்டும்தான் பொதுவு. ரெண்டு மாசமா அரிசி இல்ல. பெரியவ சுகன்யாவ பத்தாவதோட நிறுத்திட்டேன். களம்பூர் மில்லுக்குப் போய்க்கினு இருக்கறா."

சந்திரமோகன் தலையை நிமிர்த்தினார். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் நெசவுக்காரர்கள் அடுப்பைத்தான் பிரிப்பார்கள். தரையில் குழிவெட்டிப் பதித்த குழித்தறியைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. ஒரு கதவு எண்ணுக்குள் இரண்டு உலை, இரண்டு கார்டு. அது போலி இல்லை, ஊர் வழக்கம். அவர் ஒழித்தது முந்நூறு சமையலை.

அன்றைக்கே பரசுராமனிடம் போய்ச் சொன்னார். அவர் பேனாவைத் திறந்து, "கணினிக் கோளாறுன்னு எழுதிடலாம். உன் பேரு எதுக்கு? பேஜாரு" என்றார். சரி என்று தலையாட்டினார் சந்திரமோகன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஆட்டினார்.

பழைய ரிஜிஸ்தர்களைக் கிடங்கிலிருந்து இறக்கினார்கள். ஐந்து வாரம் சந்திரமோகன் தெருத்தெருவாக அலைந்து, பின்கட்டு வரை போய் அடுப்பை எண்ணிக்கொண்டு வந்தார். போளூருக்கு ஃப்ளாப்பியோடு ஒரு தாளும் போயிற்று. எதையும் நீக்காதீர்கள், குறி மட்டும் போடுங்கள். முதலில் நகல் எடுங்கள். வீட்டை நேரில் பார்க்காமல், இன்னொருவர் கையெழுத்து இல்லாமல் ஒரு கார்டையும் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தார். இவ்வளவு வேலையா என்று போனில் சிரித்தார்கள்.

கார்டு கிடைத்த மறுநாள் அபிதகுசாம்பாள் அரை டஜன் வாழைப்பழத்தோடு வந்தாள்.

"கம்ப்யூட்டரு பண்ண தப்ப நீதான் சரி பண்ணேன்னு தெருவே பேசிக்கினு கீது தம்பி."

"சுகன்யா திரும்ப ஸ்கூலுக்குப் போறாளாக்கா?"

"அவளா? மில்லுலயே பழகிட்டா. வெட்கப்படறா, கூடப் படிச்சதுங்க எல்லாம் மேல போயிடுச்சிங்களே."

அவருக்குத் தாங்கவில்லை. "தப்பு பண்ணது கம்ப்யூட்டர் இல்லக்கா. நான்தான்" என்று சொல்லிவிட்டார்.

அவள் சிரித்தாள். "சும்மா இரு தம்பி. வெளியூர்க்காரன் செய்வான் அப்படி. உங்க வூட்லயே உங்க அண்ணனுக்கு ஒரு அடுப்பு, உனக்கு ஒரு அடுப்பு. உனக்கா தெரியாது?"

பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். பரசுராமனிடமும் அவர் சொல்லாத ஒன்று இருந்தது. முந்நூறு சொச்சம் வந்த அந்தப் பட்டியலில் எட்டாவது வரி அவர்கள் வீடு. நம் வீடு வேறு என்று அந்த ஒரு வரியை மட்டும் தனியே விலக்கி வைத்துவிட்டுத்தான் மீதியை அவர் அழித்தார்.