இடது இருக்கையில் தூங்கியவர்

நல்லசிவம் 2019 ஜூன் மாதம் என் வீட்டு மாடிக்குக் குடிவந்தார். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் உள்ள சிறிய தெரு எங்களுடையது. பெருங்குடியில் வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டதற்கு, "உடைக்கிற வேலை சார்" என்றார்.

அது வேடிக்கைப் பேச்சல்ல. அந்தக் கம்பெனியில் விண்கலங்கள் சண்டையிடும் ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். கலங்களைப் புத்தம்புதிதாக வரைந்து கொடுப்பவர்கள் வேறு. எதிரியின் அடி பட்டால் கலத்துக்குள், விமானி உட்காரும் காக்பிட்டில், எது எந்த வரிசையில் கீறும், விரியும், கருகும் என்று வரைவது நல்லசிவத்தின் பொறுப்பு. விளையாடுபவர் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். தலையைத் திருப்பினால் அறையும் திரும்பித் தெரியும்.

நான் ஓய்வு பெறும் வரை மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தான வண்டிகளைப் பார்த்து, படமெடுத்து, எந்தச் சேதம் எதனால் வந்தது என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்தப் படங்களின் பிரதிகள் தேதிவாரியாக என் அலமாரியில் இருக்கின்றன. இது தெரிந்ததும் நல்லசிவம் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே வர ஆரம்பித்தார். வண்டியின் வெளிப்பக்கம் நசுங்கிய படங்களை ஒதுக்கிவிடுவார். உள்ளிருந்து எடுத்த படங்கள்தான் அவருக்கு வேண்டும்.

அவர் பிறந்தது தென்காசிப் பக்கம், வளர்ந்தது தி.நகர். அப்பா ரங்கநாதன் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் இருந்தார். அடிபட்டுத் திரும்பி வரும் குடங்களையும் தூக்குகளையும் பள்ளி விட்டு வரும் மகன் பிரித்து வைப்பான். எது லாரியில் நசுங்கியது, எது வீட்டில் கீழே விழுந்தது, எதைக் கோபத்தில் யாரோ எறிந்தார்கள் என்று பார்த்தவுடன் சொல்வானாம். எறிந்த பாத்திரத்தில் பள்ளம் எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். "பள்ளம் ஒண்ணா இருக்காது சார். விழுந்ததுக்கு அப்புறமும் அடிச்சிருப்பாங்க" என்றார். பிறகு வடபழனியில் அனிமேஷன் படித்து, சினிமாவுக்குக் கிராபிக்ஸ் செய்யும் இடங்களில் இருந்துவிட்டுப் பெருங்குடிக்குப் போனார்.

சேதத்தில் அவருக்கு ஒரு முறை உண்டு. கலம் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்பதைத் திரையின் மூலையில் ஓர் எண்ணாகக் காட்டினால் போதும் என்று கம்பெனியில் சிலர் சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை. உள்ளே இருப்பவனுக்கு எண் தெரியாது, அறைதான் தெரியும் என்பது அவர் கட்சி. அடி பட்டவுடன் எதையும் உடைக்க மாட்டார். முதல் அடிக்குக் கூரையிலிருந்து தூசி கொட்டும். அடுத்ததற்கு எங்கோ ஒரு திருகாணி கழன்று மிதக்கும். அதற்குப் பிறகுதான் கண்ணாடியில் மயிரிழை போல ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். பயம் அங்கேதான் தொடங்குகிறது என்பார்.

காக்பிட்டில் இரண்டு இருக்கைகள். வலதுபுறம் விளையாடுபவர். இடதுபுறம் காலி. இரண்டுக்கும் நடுவே, தலைக்கு மேலே, கார்களில் இருப்பது போல ஒரு பின்பார்வைக் கண்ணாடியை நல்லசிவம் தானாகவே சேர்த்தார். விண்வெளியில் பின்னாடியிருந்து எவன் ஹாரன் அடிக்கப் போகிறான் என்று அலுவலகமே சிரித்தது. சிரிப்போடு அதை விட்டும் விட்டார்கள்.

அவரோடு வேலை பார்த்தவர் சைஃப். ராயப்பேட்டைக்காரர். விளையாட்டில் என்ன பிழை என்று விளையாடிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. 2021 நவம்பர் மழையில், வேலை முடிந்து இருவரும் சைஃபின் காரில் திரும்பும்போது, பின்விளக்கில்லாமல் நின்ற ஒரு டிப்பர் லாரியின் பின்புறத்தில் கார் மோதியது. நல்லசிவத்துக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. சைஃபுக்கு இடது கண்ணில் பார்வை போயிற்று. அன்று நடந்தது எதுவும் சைஃபுக்கு நினைவில்லை. இரண்டு நாட்களாகத் தூங்காதவர் ஓட்டும்போதே கண்ணயர்ந்துவிட்டார் என்று நல்லசிவம் என்னிடம் சொல்லியிருந்தார்.

சைஃபை எனக்கும் பழக்கம். என் வீட்டுக்கு வருவார். விபத்துக்குப் பிறகு, பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவதைக்கூட நிறுத்திவிட்டார். தூக்கம் தனக்குத் தெரியாமலே வந்துவிடும் என்று நம்பினார். பைக்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். அவர் மனைவி மெஹக்கும் அதைத்தான் நம்பினாள். குழந்தையை அவரிடம் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குக்கூடப் போவதில்லை. ஒரு நாள் சைஃப் என்னிடம், "கண்ணு போனது பரவால்ல சார். இந்தக் கைய நம்ப முடியல" என்று சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2023 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, நல்லசிவம் என்னைப் பெருங்குடிக்கு அழைத்துப் போனார். சேதம் சரியாக வந்திருக்கிறதா என்று, நிஜ வண்டிகளைப் பார்த்தவர் ஒருவர் பார்க்க வேண்டுமாம். அலுவலகத்தில் அதிகம் பேர் இல்லை. ஜன்னலுக்கு வெளியே குப்பைக் கிடங்குப் பக்கத்திலிருந்து பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. சைஃபும் வந்திருந்தார். என்னை உட்காரவைத்து ஹெட்செட்டை மாட்டினார்கள்.

தூசி கொட்டியது. திருகாணி மிதந்தது. எதிர்க்கண்ணாடியின் கீழ்மூலையில் விழுந்த கோடு கிளைவிட்டு ஏறியது. எல்லாமே நான் பார்த்துப் பழகியவை. ஆனால் நான் பார்த்த வண்டிகள் எல்லாம் முடிந்துபோனவை. இங்கே அது என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. கடைசி அடியில் சத்தம் அத்தனையும் நின்றது. தெரியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பச்சை விளக்கு மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடி, பிடி தளர்ந்து மெல்ல இடதுபுறமாகத் திரும்பியது.

அதில் ஓர் ஆள் தெரிந்தார். இடது இருக்கையில், தலை தோளில் சாய்ந்து, வாய் சற்றே திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் இடதுபக்கம் திரும்பி நேராகப் பார்த்தேன். இருக்கை காலியாக இருந்தது. சீட் பெல்ட் அவிழ்ந்து கிடந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். அவர் இருந்தார்.

ஹெட்செட்டைக் கழற்றி, இடதுபக்கம் யார் என்று கேட்டேன். அங்கே யாரும் கிடையாதே என்று சைஃப் சிரித்தார். அந்தக் கடைசிக் கட்டம் அன்றுதான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. சைஃப் இன்னும் பார்த்திருக்கவில்லை. என் கையிலிருந்து ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நல்லசிவம் தடுக்கவில்லை. ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியிலிருந்து பார்க்கும்போது சைஃப் ஒரு வெற்றுச் சுவருக்கு எதிரே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டுவது நின்றது. முகம் சற்று மேலே நிமிர்ந்து அப்படியே நின்றது. பிறகு இடதுபக்கம் திரும்பியது. மறுபடி மேலே. இதை அவர் பலமுறை செய்தார். கழற்றியபோது அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"இன்னா மச்சி இது. அது நான்தானே."

நல்லசிவம் ஆமாம் என்றார்.

"நான் அந்தப் பக்கம் கீறேன்னா, இந்தப் பக்கம் யாரு?"

"நான்தான்டா."

சைஃப் ஹெட்செட்டை மடியில் வைத்தார். அடுத்து அவர் பேசியபோது குரல் மிகவும் தணிந்திருந்தது. "ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் உன்னத்தான கேட்டேன், ஓட்டிக்கினே தூங்கிட்டேனான்னு. நீ தலைய ஆட்டுன."

"ஆட்டுனேன்."

"ஒரு தபா கேக்கல மச்சி. தெனம் கேட்டேன்."

நல்லசிவம் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே எங்கள் இருவருக்கும் சொன்னார். அன்று சைஃபால் ஓட்ட முடியவில்லை. சாவியை இவரிடம் கொடுத்துவிட்டு இடதுபக்கம் ஏறித் தூங்கிவிட்டார். இவர் விழிப்போடுதான் ஓட்டினார். லாரி கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இவருடைய லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கூடியவர்களில் ஒருவர், லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்றால் இன்சூரன்ஸ் வராது, வண்டியின் சொந்தக்காரரே ஓட்டியதாக எழுதிவிடு என்றார். இந்த ஊரில் இது சர்வசாதாரணம். என் வேலைக்காலத்தில் எத்தனையோ வண்டிகளில் இதைக் கண்டிருக்கிறேன். சைஃபுக்கு நல்லது என்று நினைத்து இவரும் அப்படியே எழுதிவிட்டார். நினைவு திரும்பியதும் சொல்லிவிடலாம் என்றிருந்தார். நினைவு திரும்பவேயில்லை. நாள் போகப் போகச் சொல்லும் துணிவும் போயிற்று.

அந்த உருவத்தை வேண்டுமென்று வரைந்தாரா என்று கேட்டேன். இருக்கையின் தலைசாய்ப்பைத்தான் வரைய உட்கார்ந்தாராம். மோதிய கணத்தில் காரின் பின்பார்வைக் கண்ணாடி இடதுபுறம் திரும்பி, சைஃபின் தூங்கும் முகத்தை இவருக்குக் காட்டியிருக்கிறது. அப்போது அந்த முகத்தில் இன்னும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. வலது இருக்கையில் இருந்தவருக்கு மட்டுமே அது தெரிந்திருக்கும். வரைந்து முடித்த பிறகுதான் யார் என்று இவருக்கே புரிந்திருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை என்றார்.

திங்கட்கிழமை சைஃப் மெஹக்கை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள் என்று பயந்தார். அவளை உட்காரவைத்து, கலத்தைக் கடைசி அடி வரை வாங்கவைத்தார். அவள் நெடுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்ததாக நல்லசிவம் சொன்னார். "தூங்கும்போது வாயை இப்படித்தான் வச்சிருப்பாரு" என்றாளாம். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நல்லசிவத்தை ஏறிட்டும் பார்க்காமல், இனிமேல் எங்கள் வீட்டுப் பக்கம் வராதீர்கள் அண்ணா என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரமே சைஃப் தம்பியிடமிருந்து பைக்கை வாங்கிக் குழந்தையை முன்னால் உட்காரவைத்து ராதாகிருஷ்ணன் சாலையில் போனதை நானே பார்த்தேன்.

நல்லசிவம் நடந்ததை எழுதி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். அதில் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்டார். சொன்னேன். அதற்கு மேல் அதைப்பற்றி நான் இங்கே எழுத வேண்டியதில்லை.

கண்ணாடியில் ஆள் தெரிவது பிழை என்று வேறு சிலரும் புகார் கொடுத்தார்கள். அது பிழையா இல்லையா என்று தீர்மானிக்கும் இடம் சைஃபினுடையது. பிழையல்ல, இருக்கட்டும் என்று எழுதிவிட்டார். நல்லசிவத்தோடு அவர் இப்போது பேசுவது வேலை விஷயம் மட்டும்தான். அப்படிப் பேசிய ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றம் கேட்டார். தூங்கியது போதும், கண்ணைத் திறந்து வை என்றார். மறுக்க நல்லசிவத்துக்கு என்ன வழி?

விளையாட்டு சென்ற ஆண்டு வெளிவந்துவிட்டது. எந்தெந்த ஊரிலோ யார் யாரோ அதை விளையாடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டத்துக்கு வருவதேயில்லை, அதற்குள் கலம் வெடித்துவிடும். வருகிறவர்கள் எழுதுவதை நல்லசிவம் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். சத்தம் நின்று, பச்சை விளக்கு எரிந்து, கண்ணாடி திரும்பியதும், இடது இருக்கையில் இருப்பவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து ஓட்டுகிறவரைப் பார்க்கிறார் என்று எழுதுகிறார்கள். பலர் அங்கேயே கழற்றி வைத்துவிடுகிறார்களாம்.

விளையாட்டில் எந்தச் சிறு திருத்தம் செய்தாலும், எல்லாக் கட்டமும் முன்போலவே வருகிறதா என்று வலது இருக்கையில் உட்கார்ந்து ஒருவர் பார்த்தாக வேண்டும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் நல்லசிவமே பார்க்க வேண்டும் என்று சைஃப் கேட்டு வாங்கிக்கொண்டார். வாரத்துக்கு ஒரு முறையாவது அது வந்துவிடுகிறது.

அந்தக் கண் எவ்வளவு நேரம் பார்க்கும் என்று நல்லசிவத்தைக் கேட்டேன்.

"நான் முகத்தத் திருப்புற வரைக்கும் சார்" என்றார்.