அவர் குடித்தது சளி மருந்து

காலேஜ் முடித்துவிட்டு சென்னையில் ஒரு வருஷம் தங்கி நான் சீனம் படித்தபோது எங்கள் தெருவில் சிரிக்காதவர்கள் குறைவு. அப்பா டேனரியில் தோல் ஊறவைக்கும் தொட்டிகளில் வேலை செய்தவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "மெஷின் எல்லாம் அங்கேர்ந்துதான் வருது. பேசறதுக்கு ஆள் வேணும்ல" என்றார். அவர் சொன்னது நடந்தது. ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக வேலை கிடைத்தது.

அங்கே வேலை பழக்கிக் கொடுக்க வந்திருந்த சீனத் தொழில்நுட்பக்காரர்களில் ஒரே ஒரு பெண் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். குள்ளம், வேக நடை. தோலைத் தடவிப் பார்த்தே எந்த இடத்தில் பிய்யும் என்று சொல்லிவிடுவார். எல்லோருக்கும் அவர் 'சைனா மேடம்'. நான் அவரை ஜியெஜியெ என்று கூப்பிடுவேன். சீனத்தில் அக்கா என்று பொருள்.

வகுப்பில் படித்த சீனம் கம்பெனி வாசலோடு தீர்ந்துபோனது. மிச்சத்தை அக்காதான் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் கேண்டீனில் மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. இங்கிலீஷில் மருந்தை எடுத்துக்கொள்கிறார்கள். சீனர்கள் நம்மைப் போலவே சாப்பிடுகிறார்கள். ச்சிர் யாவ், மருந்து சாப்பிடுவது. நாம் மாத்திரையைப் 'போடுவோம்'. அவர்கள் அதையும் சாப்பிடத்தான் செய்வார்கள். கரைத்துக் குடிக்கிற மருந்தென்றால் ஹ யாவ், மருந்து குடிப்பது. இதைச் சொல்லிவிட்டு அக்கா குரலைத் தாழ்த்தினார். அவருடைய கிராமத்தில் ஒரு பெண்ணைப் பற்றி யாராவது மெதுவான குரலில் ஹ யாவ் என்றால் அவள் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள் என்று அர்த்தமாம்.

"எங்க ஊரிலும் அப்படித்தான், அக்கா. இதே வார்த்தைதான்" என்றேன்.

பிறகு அவர் தன் வெந்நீரைக் குடித்தார், நான் என் டீயைக் குடித்தேன்.

மழைக்காலத்தில் அக்காவுக்குச் சளி பிடித்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழுப்பு நிறப் பொடியை வெந்நீரில் கரைத்துக் காலையில் ஒரு கப் குடித்துவிட்டு வேலைக்கு வந்தார். அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலை ஒட்டும் பகுதியில். ஷூவின் அடிப்பாகத்தை மேல்பாகத்தோடு சொல்யூஷன் தடவி ஒட்டும் இடம் அது. அங்கே இருந்த பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோய் நாளாகியிருந்தது. உள்ளே போனால் கண் எரியும், மூக்கு அடைக்கும். அங்கே வேலை செய்த பெண்கள் தலைவலி என்று சூப்பர்வைசரிடம் சொன்னால் அவர் நர்ஸ் அறைக்கு அனுப்புவார். நர்ஸ் ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்பார். "போட்டுக்கினு போம்மா, சரியாப் பூடும்." தலைவலிக்குக் காரணம் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா அங்கேயே சரிந்து விழுந்தார். என்னைக் கூப்பிட ஒரு பெண் ஓடிவந்தாள். நான் போனபோது அவரைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகம் வெளுத்து, உதடு உலர்ந்திருந்தது.

"இன்னா ஆச்சு? காலைல ஏதாச்சும் சாப்ட்டாங்களா, கேளு" என்றார் சூப்பர்வைசர்.

கேட்டேன். "ஒன்றும் சாப்பிடவில்லை. மருந்து குடித்தேன்" என்றார் அக்கா.

"சாப்பிடலையாம். சளிக்கு மருந்து குடிச்சாங்களாம்" என்று சொன்னேன். அந்த இரைச்சலிலும் தெளிவாகத்தான் சொன்னேன். ஆனால் சளி என்ற சொல் அங்கேயே விழுந்துவிட்டது. மற்ற சொற்கள் என்னைவிட வேகமாக ஓடின. நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் கட்டிங் பகுதிவரை போய்விட்டது: 'சைனா மேடம் மருந்து குடிச்சிட்டாங்களாம்.'

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் அவர்கள் வீடுகளிலேயே இருப்பார்கள். என் கோபம் எச்.ஆர். மேனேஜர்மேல். அவர் வந்தார். தூரத்தில் நின்று பார்த்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், நான் பக்கத்திலேயே நிற்கிறேன். கேட்கவில்லை. கம்பெனி வேனை வரவழைத்தார்.

ஆஸ்பத்திரியில் நான் அக்காவைக் கைத்தாங்கலாக இறக்குவதற்குள் மேனேஜர் உள்ளே போய்விட்டிருந்தார். நாங்கள் கட்டிலருகே வரும்போது டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாய்சன் கேஸ் டாக்டர். ஃபேமிலிய விட்டுட்டு தனியா இருக்காங்க. ஒரே டிப்ரஷன்."

அக்காவுக்கு ஒரு மகள் இருந்தாள். தினமும் சாயங்காலம் அவளோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவார். டிப்ரஷன் என்பதை இந்த ஆள் எங்கிருந்து எடுத்தார்? அக்கா விஷம் குடித்தார் என்றால் அது அவருடைய சொந்த சோகம். சொல்யூஷன் நாற்றத்தில் விழுந்தார் என்றால் அது கம்பெனியின் பிரச்சினை. இரண்டில் எது வசதி என்று மேனேஜர் வேனில் வரும்போதே முடிவுசெய்துவிட்டார்.

நர்ஸ் ஒருவர் வயிறு கழுவும் குழாயைக் கொண்டுவந்தார். அக்கா அதைப் பார்த்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இது எதற்கு?"

சொன்னேன். அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. "நானா? நான் எதற்குச் சாகவேண்டும்?" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "படுக்கச் சொல்லுங்க. நீங்க யாரு?" என்றார் என்னிடம்.

"அவங்க பேசறத தமிழ்ல சொல்றவ, டாக்டர். இன்னா குடிச்சாங்கன்னு அவங்களையே கேளுங்க. ஒரு வார்த்த விடாம சொல்றேன்."

டாக்டர் குழாயைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். அக்கா பேண்ட் பாக்கெட்டிலிருந்து பிரிக்காத பொட்டலம் ஒன்றை எடுத்தார், மதியத்துக்கு வைத்திருந்தது. அதன்மேல் இருந்ததை நான் படித்துச் சொன்னேன்: சளி, காய்ச்சல், தொண்டைவலிக்கு, வெந்நீரில் கரைத்துக் குடிக்கவும். டாக்டர் பிரித்து மோந்து பார்த்தார். அக்காவின் கண்ணில் டார்ச் அடித்தார். வாயைத் திறக்கச் சொன்னார். நாடி பிடித்தார்.

"விஷம் மாதிரி ஒண்ணும் தெரியலையே. அப்ப ஏன் மயக்கம்?"

அக்கா சொல்ல ஆரம்பித்தார். ஃபேன் நின்றது, மூச்சு முட்டியது, தலை சுற்றியது, பக்கத்து மேசைப் பெண்கள் இரண்டு பேர் காலையிலேயே வாந்தி எடுத்தது. நான் வாயைத் திறந்தேன். மேனேஜர் என் தோள்பக்கம் வந்து நின்றார்.

"அதெல்லாம் வேணாம்மா. கேட்டதுக்கு மட்டும் சொல்லு."

"டாக்டர் கேட்டதுக்குத்தான் சார் அவங்க பதில் சொல்றாங்க" என்றேன். முழுவதையும் தமிழில் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. மேனேஜர் என்னிடம் சொன்னதையும் திருப்பிச் சீனத்தில் அக்காவிடம் சொன்னேன். என் தொழில் அதுதானே? அறையில் பேசப்பட்டது எல்லாருக்கும் போய்ச் சேரவேண்டும்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில், "நோ பாய்சன். ஃபேன்" என்றார். கையை மேலே தூக்கி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, பிறகு அந்த விரலை அப்படியே நிறுத்திக் காட்டினார்.

டாக்டர் குழாயை எடுத்துப் போகச் சொல்லிவிட்டு ஆக்ஸிஜன் வைத்தார். விஷம் என்று தகவல் போய்விட்டதால் ஒரு போலீஸ்காரரும் வந்து சேர்ந்தார். "தற்கொல முயற்சி இல்லங்க. பசை நாத்தத்துல மயக்கம்" என்று டாக்டரே அவரிடம் சொன்னார். மேனேஜர் அப்போது வராந்தாவில் போனில் இருந்தார்.

அக்கா சீக்கிரமே தேறி வேலைக்குத் திரும்பினார். வந்ததும் நேராக ஒட்டும் பகுதிக்குப் போனார். ஃபேன் அப்படியேதான் நின்றிருந்தது. அவர் லைனை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அழுத்தினார். பெல்ட் நின்றது. ஷூக்கள் அதனதன் இடத்தில் நின்றன. "சத்தமாகச் சொல்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பேசினார்.

நான் தொண்டை கிழியச் சொன்னேன்: "ஃபேன் ஓடினாத்தான் லைன் ஓடும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் இங்க யாரும் ஒட்டக்கூடாதாம்."

ஷிப்மெண்ட் அவசரம். சீனத் தொழில்நுட்பக்காரர் சரி என்று சொல்லாமல் ஒரு ஜோடியும் பெட்டிக்குள் போகாது. அன்று சாயங்காலத்துக்குள் எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி, புது மோட்டார் மாட்டி, ஃபேனை ஓடவிட்டார். சாயங்காலத்துக்குள்! ஒட்டும் பகுதிப் பெண்கள் இதைத் தமிழில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்? கெஞ்சிச் சொன்னார்கள், சண்டை போட்டுச் சொன்னார்கள். அதே மூச்சுமுட்டலை ஒருத்தி சீனத்தில் சொன்ன பிறகுதான் இவர்களுக்குக் காது கேட்டது. லைன் திரும்ப ஓடத் தொடங்கியதும் வயதான அம்மா ஒருவர் என்னிடம், "உனக்குத் தெரிஞ்ச பாஷைய எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு பாப்பா. மேனேஜராண்ட பேசணும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீ யாருக்கு வேல செய்ற? கம்பெனிக்கா, அந்தம்மாவுக்கா?" கொஞ்ச நாளில் மீட்டிங்குகளுக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்தார், ஆண், எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர். அக்கா ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனதும் நானும் வேலையை விட்டேன். இப்போது வாணியம்பாடியில் சீன மெஷின் வாங்குகிற தோல் வியாபாரிகளுக்குப் பேசிக் கொடுக்கிறேன்.

போன மாதம் வேலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் அந்த மேனேஜர், மனைவியோடு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. மனைவியிடம் சொன்னார்: "நம்ம கம்பெனில சைனீஸ் பேசினு இருந்த பொண்ணு. சொல்லிருக்கேன்ல, ஒரு சைனாக்காரி மருந்து குடிச்சிட்டா, நாங்க தூக்கினு ஓடி காப்பாத்தினோம்னு? அப்ப கூட இருந்தது இவதான்."

அவர் பொய் சொல்கிறவர் மாதிரியே இல்லை. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்ததாகிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்தம்மா குடிச்சது சளி மருந்து, சார்" என்றேன். பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

அவர் அப்பளத்தை நொறுக்கினார். அவர் மனைவி என்னைப் பார்த்து, "அப்ப எதுக்குமா மயங்கி விழுந்தாங்க?" என்று கேட்டார். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் சாம்பார் சாதத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.