பூனைக்கண் சொந்தம் தேடி மயூர் விஹாருக்கு

போன ஜனவரியில் டெல்லி போய் வந்தேன். செங்கோட்டை, குதுப்மினார் பற்றியெல்லாம் மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் போனது ஒரு சின்னக் குழந்தையின் கண்ணைப் பார்க்க.

எங்கள் கொள்ளுத்தாத்தா ஒரு வெள்ளைக்காரர், ரயில் என்ஜின் ஓட்டியவர். திருச்சி பொன்மலையில் நம்ம ஊர்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தி, இரண்டு பிள்ளைகளைப் பெற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார். மூத்த பிள்ளை என் தாத்தா. இளையவர் டெல்லியில் குமாஸ்தா வேலை கிடைத்துப் போனார், போனவர் போனவர்தான். வெள்ளைக்காரர் எங்களுக்கு வீடு வாசல் எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. பூனைக்கண் மட்டும் குடும்பத்தில் எப்போதாவது ஒருவரிடம் எட்டிப் பார்க்கும். எங்கள் தலைமுறையில் என்னிடம் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பையன்கள் "மியாவ்" என்று கூப்பிட்டது காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் கணக்குப் பாடம்தான்.

பொன்மலையில் டிபன் கடை நடத்துகிறேன். டெல்லியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்த ஒருவர், பொங்கல் தின்றுகொண்டே என்னை உற்றுப் பார்த்தார். "இதே கண்ண எங்க மயூர் விஹார் அபார்ட்மென்ட்ல ஒரு கொழந்தைக்குப் பாத்திருக்கேன்யா. அப்பன் பேரு சேகர். அவங்க தாத்தாவும் பொன்மலதான்" என்றார். போன் நம்பரும் கொடுத்தார். சேகரைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். என் தாத்தா பேரை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். பிறகு, "வாங்கண்ணே. ஆனா நேரா வீட்டுக்கு வந்துடாதீங்க. கரோல் பாக்ல ரூம் போடுங்க" என்றான்.

சென்னையிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். ஸ்லீப்பரில் எண்ணூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஜனவரியில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆக்ராவுக்குப் பக்கத்தில் பனி மூடிவிட்டால் வண்டி மாட்டு வண்டியாகிவிடும். நான் மூன்று மணி நேரம் தாமதமாக இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து கரோல் பாக்குக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். டிரைவர் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஆப் பஹாடி ஹோ?" என்றார். மலைக்காரரா என்று கேட்கிறார். "ஆமாங்க, பொன்மலை" என்றேன். அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

மறுநாள் காலை சேகர் லாட்ஜுக்கு வந்தான். நாற்பது வயது, அரசாங்க வேலை. நம்ம எல்லோரையும் போலச் சாதாரணக் கண்ணுதான் அவனுக்கு. கட்டிப்பிடித்தான். கையோடு நடைபாதைக் கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி என் கையில் கொடுத்தான்.

"வீட்ல இதப் போட்டுட்டே இருங்கண்ணே. கண்ணு ஆபரேஷன் ஆனவர், ஆபீஸ் சிநேகிதரோட சொந்தக்காரர்னு மாலாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏன்டா தம்பி, இந்தப் பனியில கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு தூண்ல போய் மோதவா?"

அவன் சிரிக்கவில்லை. விஷயம் இதுதான். வெள்ளைக்கார ரத்தம் என்று தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அவன் அப்பா கல்யாணத்துக்கு முன்பே சத்தியம் வாங்கியிருக்கிறார். பிறகு குழந்தை பூனைக்கண்ணோடு பிறந்தது. திருச்சியிலிருந்து வந்த அவன் சித்தி, அவன் அம்மாவின் தங்கை, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல யாருக்கும் இப்டி இல்லியே, இது எந்த ஊரு ஜாடை?" என்று மாலாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"நீ என்னடா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலண்ணே. அப்ப விட்டது, அப்புறம் எப்டிச் சொல்றது?"

எனக்குக் கேலி வரவில்லை. கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கரோல் பாக்கிலிருந்து நீல நிற மெட்ரோ. யமுனா பேங்க்கில் பாதை இரண்டாகப் பிரியும். நொய்டா வண்டியில் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் மயூர் விஹார். ஆற்றுப் பாலத்தில் ஜன்னல் பக்கம் நில்லுங்கள். எனக்குத் தெரிந்தது பனி மட்டும்தான்.

மூன்றாவது மாடி. மாலா திண்டுக்கல் பெண், கலகலப்பான முகம். நாலு வயதுக் குழந்தை தியா ஓடி வந்தாள். கறுப்புக் கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டேன். என் கண்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மாலா முந்திக்கொண்டாள்.

"பாப்பா கண்ணப் பாக்கறீங்களா அங்கிள்? எங்கம்மா வழியில பாலக்காட்டுச் சொந்தம் உண்டு. அங்கேர்ந்து வந்தது."

நான் கேட்கவே இல்லை. அவள் சொன்ன வேகத்தைப் பார்த்தால், கூரியர் கொண்டுவருகிறவர் வரைக்கும் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. சேகர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டில் ரசம். டெல்லிக் குளிரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். தட்டுப் பக்கம் குனிந்தேன். கண்ணாடி முழுக்க ஆவி. எதிரே இருந்த அப்பளம்கூடத் தெரியவில்லை. அந்தப் பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டிருக்கலாம். சேகர் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். நான் கண்ணாடியைக் கழற்றி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"இன்னொரு கரண்டி ரசம் ஊத்தும்மா."

கரண்டி பாதியில் நின்றது.

"மம்மா, அங்கிள்கிட்ட என் கண்ணு!" என்றாள் தியா.

மாலா புருஷனைப் பார்த்தாள். "யாருங்க இவரு?" குரல் உயரவில்லை.

"அது... வந்து... எங்க தாத்தாவும் இவங்க தாத்தாவும் அண்ணன் தம்பி. கொள்ளுத்தாத்தா வெள்ளக்காரர்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து."

கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். போனை எடுத்துக்கொண்டு வந்தாள். திருச்சிச் சித்திக்கு வீடியோ கால்.

"சித்தி, சாப்ட்டாச்சா? வீட்டுக்கு ஒருத்தர் வந்திருக்காங்க, பாருங்க." போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். எச்சில் கையோடு இளித்தேன்.

சித்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு, "யாருடி இது? அப்டியே பாப்பா ஜாடையா இருக்கு!"

"உங்க பிள்ளையே சொல்லுவாரு." போனைச் சேகரிடம் நீட்டினாள்.

அவன் சொன்னான். சித்திக்குக் காது மந்தமோ, நம்பவில்லையோ, மூன்று தடவை சொல்ல வைத்தார். மூன்றாவது தடவைதான் அவனுக்குக் குரல் சரியாக வந்தது.

அதற்குப் பிறகு மாலா அவனோடு பேசவில்லை. எனக்கு மோர் ஊற்றினாள்.

"டிபன் கடைக்காரன் விருந்துக்கு வந்து வெடி வெச்சுட்டேன் போலிருக்கே" என்றேன்.

"நாலு வருஷமா பாலக்காட்டுல இல்லாத சொந்தத்த நான் வளத்துட்டிருந்தேன். இருக்கற சொந்தம் பொன்மலைல இட்லி சுட்டுட்டு இருந்திருக்கு" என்றாள்.

வம்சம் தேடிப் போகிறவர்களுக்கு என் யோசனை: நல்ல ஸ்வெட்டர், மெட்ரோ கார்டு, ஊரிலிருந்து முறுக்கு. இவற்றை மறந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நாம் பெருமையாகத் தேடிப் போகிற கதையை அங்கே யாரோ மூடி வைத்திருப்பார்கள். அதன் பாரத்தை இன்னொருவர் சுமந்துகொண்டிருப்பார். போகும் முன் அவர் யார் என்று விசாரியுங்கள். சேகரும் மாலாவும் எப்போது பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்கு என்னிடம் யோசனையும் இல்லை.

வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் பத்து நிமிட நடை, ரிக்‌ஷா வேண்டாம். சாயங்காலம் மாலாவும் தியாவும் வழியனுப்ப வந்தார்கள். குழந்தை என் தோளில். கடலை வாங்க நின்ற இடத்தில் ஒரு பஞ்சாபி அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "நானாஜீ ஹைன்?" என்றார். அம்மாவின் அப்பாவா என்று கேட்கிறார். ஐம்பத்திரண்டு வயதுக்காரனை!

அன்றைக்கு முதல் தடவையாக மாலா வாய்விட்டுச் சிரித்தாள். "நஹீ ஜீ, தாவூஜி." அப்பாவுக்கு அண்ணன்.

அந்த அம்மா குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார். மாலா அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடலையை வாங்கிக்கொண்டு நடந்தாள்.