ரப்பர் பால் ஒட்டு

அந்தக் காலத்திலேயே எங்களிடம் கார் இருந்தது என்று சொன்னால், கேட்கிறவர்கள் என்னை ஒரு தினுசாக மரியாதையோடு பார்க்கிறார்கள். அந்த மரியாதையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். கார் இருந்தது வாஸ்தவம். அதில் சுகமாக ஏறிப் போனவர்கள் கன்னியாகுமரி பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள். எனக்கு வாய்த்தது பஞ்சர்.

பல கை மாறி வந்த அந்தக் காரை என் வீட்டுக்காரர் வாங்கி, கோட்டாற்றிலிருந்து வாடகைக்கு ஓட்டினார். அப்போது ரோடு மாட்டு வண்டிகளுடையது. காளைகளின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணிகள் மண்ணுக்குள் கிடக்கும். அவற்றைத் தேடிப் போய் மிதிப்பதற்கென்றே எங்கள் டயர்கள் ஜென்மம் எடுத்திருந்தன. அதனால் எங்கே கிளம்பினாலும் முதலில் ஆயத்தம்தான். ஸ்டெப்னி, பம்பு, ஜாக்கி, தண்ணீர் டின், பெட்ரோல் டாங்கி ஒழுகினால் அடைக்கப் பார் சோப்பு, ஸ்பிரிங் முறிந்தால் வைத்துக் கட்டத் தென்னங்கயிறு. ட்யூப்புகளைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. துணி துவைத்த கையோடு அதையும் பார்ப்பேன். துணியாவது காய்ந்தால் வேலை தீர்ந்தது.

கீரிப்பாறைப் பக்கம் மலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த அவருடைய சிநேகிதர் ஒரு தடவை குப்பியில் ரப்பர் பால் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு இவருக்கு ஞானம் பிறந்தது. நம் மலையில் வடிகிற பால்தானே கப்பலேறிப் போய் ட்யூப்பாகத் திரும்பி வருகிறது, பிறகு ஒட்டுப் போட எதற்குச் சீமைப் பசை என்றார். பழைய ட்யூப்பை வட்டமாக வெட்டி, பாலைத் தடவி ஒட்டி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். மறுநாள் பார்த்தால் நன்றாகத்தான் பிடித்திருந்தது. வெயில் சூட்டில் இது நிற்குமா என்று கேட்டேன். மரம் வெயிலில்தானே நிற்கிறது என்றார். அதற்குமேல் என்னத்தைக் கேட்க?

அந்தப் பங்குனியில் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். நான் பிறந்த ஊர் மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில். ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக அங்கிருந்து ஆள் வந்தது. இனித் தாங்காது, பெற்ற மக்கள் வந்து முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று எங்கள் சபை உபதேசியார் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவும் கோட்டாற்றில்தான் குடியிருந்தாள். அவள் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து நேரே எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“ஏட்டி, நீயும் ஏறு. காரு பொறத்தால வரட்டும்.”

ஏறியிருக்கலாம். ஆனால் கார்க்காரன் பெண்டாட்டியே அந்தக் காரை நம்பாமல் மாட்டு வண்டியில் போனாள் என்று ஆகிவிட்டால், அப்புறம் அதில் யார் ஏறுவார்கள்? தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இவர் ட்யூப்பும் கையுமாக நின்று என்னைப் பார்த்தார். நீ போ அக்கா, உனக்கு முந்தி நாங்கள் அங்கே நிற்போம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

பிறகு ஆயத்தம் தொடங்கியது. மாமியாரைக் கடைசியாகப் பார்க்கப் போகிற வழியில் வண்டி நின்றுவிடக் கூடாதே என்ற தவிப்பு அவருக்கு நிஜமாகவே இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. எல்லா டயரையும் கழற்றி, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் ரப்பர் பால் தடவி ஒட்டினார். காய வேண்டும் என்றார். அது ஆற அமரக் காய்ந்தது. ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது.

பார்வதிபுரம் தாண்டியதும் ஒரு டயர் போனது. ஆணிகூடக் கிடையாது. ஒட்டு சூட்டில் இளகி நழுவியிருந்தது. ஸ்டெப்னியை மாட்டினார். வில்லுக்குறிக்கு முந்தியே இன்னொன்று போனது. கழற்றி மறுபடி ஒட்டினார், முந்தானையால் நான் விசிறிக் காயவைத்தேன். கொஞ்ச தூரத்தில் அதுவும் போனது. கடைசியில் ஒரு வயல்காரரிடம் வைக்கோல் வாங்கி வந்து டயருக்குள் திணிக்கத் தொடங்கினார். நானும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து திணித்தேன். கையெல்லாம் அரித்தது. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அசதிதான் வந்தது. அந்தக் கார் வாசலுக்கு வந்த நாள் முதல் சேர்ந்துகொண்டே இருந்த அசதி.

வைக்கோல் டயரோடு கார் நொண்டி நொண்டிப் போனது. மாட்டு வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. தாண்டும்போது வண்டிக்காரர்கள் காருக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கித்தான் போனார்கள்.

மதியம் சாய்ந்த பிறகு ஊர் வந்து சேர்ந்தோம். வீட்டு முற்றத்தில் சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் பாடுகிற ராகம் என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. இறங்கி ஓடினேன். அக்கா நடுவழியில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். என் சேலையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அவள் வந்தபோது அம்மாவுக்கு நல்ல நினைவு இருந்ததாம். சின்னவள் எங்கே என்று கேட்டாளாம். பின்னாலே காரில் வருகிறாள் என்று அக்கா சொன்னாளாம்.

“அதுக்கு என்ன சொன்னா?” என்று கேட்டேன்.

அக்கா கடைசி வைக்கோலையும் எடுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள்.

“‘காருலயா வாறா? அப்பம் இந்தா வந்திருவா. நான் கொஞ்சம் உறங்கட்டு, காரு சத்தம் கேட்டா எழுப்பு’ன்னா மக்கா.”

வாசலில் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்ற பயத்தில் அவர் அதை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். அணைக்கச் சொல்லு அக்கா என்றேன்.